ஏலத்தோட்டக் கூலியும் சிஸ்டரின் முதல் சம்பளமும்

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயரை நாடு கேட்டது அப்போதுதான். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு அக்டோபரில் கேரளத் தோட்டக் கூலி திருத்தப்பட்டது. தேயிலைக்கு நாளொன்றுக்கு 301 ரூபாய், ரப்பருக்கு 381, ஏலத்துக்கு 330. மாதம் 26 நாள் வேலை கிடைத்தால் ஏலத்தோட்டத்துப் பெண்ணின் கையில் 8,580 ரூபாய் வரும்.

அதே 2015இல் தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தேர்வு வைத்து எடுத்தது. மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, போட்டித் தேர்விலும் தேறியவர்கள். அவர்களுக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் இந்த இரண்டு தொகையும் ஒரே வீட்டுக்குள் வருகிறவை. விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் காய் எடுக்கப் போகிற அம்மா. பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கிற மகள். தன் கால் ஏறிய மலையை மகள் ஏறக் கூடாது என்பதுதான் அம்மாவின் ஒரே கணக்கு. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. படிப்புக்கு எவ்வளவு போகும், முதல் சம்பளமாக எவ்வளவு வரும், இடையில் வட்டி எவ்வளவு தின்னும் என்பதைச் சேர்க்கைக்கு முன்னால் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிற வீடுகள் குறைவு.

தேனி மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த ஏழை வீட்டுப் பெண்ணுக்கு முன்னால் இருக்கிற வழிகள் அப்படியொன்றும் ஏராளமில்லை. ஜவுளிக்கடை, நூற்பாலை, மலைத்தோட்டம், இல்லாவிட்டால் பக்கத்துக் கலைக் கல்லூரி. நூற்பாலைகளின் ‘சுமங்கலி’ ஏற்பாட்டை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மறந்திருக்காது. மூன்று ஆண்டு மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். அதோடு ஒப்பிட்டால் வெள்ளைச் சீருடையும் மருத்துவமனை வேலையும் எவ்வளவோ மேல். நர்சிங்கை நோக்கிக் குடும்பங்கள் போவதற்குக் காரணம் மோகம் அல்ல, வேறு வழி இல்லாமைதான்.

முதலில் எந்தப் படிப்பு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏ.என்.எம். என்பது இரண்டு ஆண்டு, பெண்களுக்கு மட்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் வேலைக்கான அடிப்படை அதுதான். ஜி.என்.எம். என்ற பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இதில் சேரலாம், ஆனால் பள்ளிகள் அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை தரும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஜி.என்.எம். முடித்தவர் பிற்பாடு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்துப் பட்டதாரி ஆகலாம். கையில் காசில்லாத வீட்டுக்கு இந்தக் கடைசி வழி முக்கியமானது. முதலில் பட்டயம், பிறகு வேலை, அந்தச் சம்பளத்தில் பட்டம் என்று போகலாம். நான்கு ஆண்டுச் செலவையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டியதில்லை.

இவை தவிர இன்னொரு வகை உண்டு. பஸ் நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் விளம்பரம் ஒட்டியிருக்கும். ஓராண்டில் நர்சிங், பத்தாம் வகுப்பு போதும், நூறு சதவீத வேலை. ‘நர்சிங் அசிஸ்டண்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டண்ட்’ என்று பெயர் மாறி மாறி வரும். இதைப் படித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. 1926இன் சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. அதன் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் சட்டத்தின் கண்ணில் செவிலியர் அல்லர். அரசுத் தேர்வும் எழுத முடியாது, வெளிநாடும் போக முடியாது. சிறு கிளினிக்கில் ஊசி போட வைத்துக்கொள்வார்கள், சம்பளம் உதவியாளர் சம்பளம்தான், ஏதாவது பிசகினால் பழி மட்டும் முழுச் செவிலியருக்கான பழி. குறைந்த கட்டணம் என்பதால் ஏழை வீடுகள் அதிகம் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். இந்த வரிசையிலேயே விலை அதிகமான படிப்பு இது என்று சொல்வதில் தயக்கமே தேவையில்லை. கட்டிய பணத்துக்கு ஈடாகக் கையில் எதுவுமே மிஞ்சாது.

இனி செலவு. தனியார் ஜி.என்.எம். பள்ளியை எடுத்துக்கொள்வோம். கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும், ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக ஆண்டுக் கட்டணம் 50,000 என்று வைப்போம். விடுதி, சாப்பாடு 40,000. சீருடை, ஷூ, புத்தகம், ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போஸ்டிங் போகிற பஸ் செலவு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம். ஆண்டுக்கு ஒரு லட்சம், மூன்றாண்டில் மூன்று லட்சம். சேர்க்கை நாளில் பேசுகிறபோது பள்ளிக்காரர் சொல்வது பெரும்பாலும் அந்த முதல் எண்ணைத்தான். மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

இந்த மூன்று லட்சத்தை வங்கியில் 10 சதவீத வட்டிக்குக் கல்விக் கடனாக வாங்கினால் என்ன ஆகிறது? ஆண்டுக்கு ஒரு லட்சமாக வங்கி பள்ளிக்குக் கட்டுகிறது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000, இரண்டாவதுக்கு 30,000, மூன்றாவதுக்கு 20,000. தவணை தொடங்குகிற நாளில் கடன் 3 லட்சத்து 90 ஆயிரம். ஏழு ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 6,470 ரூபாய்.

சிறு நகரத் தனியார் மருத்துவமனையில் புதிதாக வருகிற செவிலியருக்கு மாதம் 12,000 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் குறைவாகத் தொடங்குகிற இடங்கள் உண்டு என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தவணை போக மிச்சம் 5,530. வேலை மதுரையிலோ கோவையிலோ கிடைத்தால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அதுவே காணாது. அதாவது முதல் சில ஆண்டுகளுக்கு மகளின் தவணையை அம்மாவின் தோட்டக் கூலிதான் கட்டும்.

வங்கியில் கிடைக்காமல் வெளியே வட்டிக்கு வாங்குகிறவர்களின் கணக்கு இன்னும் மோசம். இரண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். மூன்று லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 6,000. அசலில் ஒரு ரூபாய்கூட குறையாமல், வங்கித் தவணையை ஒட்டிய தொகை வட்டியாகவே போய்விடும். மூன்று வட்டி என்றால் 9,000. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஆனால் ஆகஸ்டில் கட்டணம் கட்டியாக வேண்டிய வீட்டுக்கு அந்தச் சட்டம் பணம் தராது. ஏலக்காய்ப் பருவமும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் வண்டன்மேட்டு ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காயின் விலை பின்னால் அடியோடு இறங்கியது. விலை ஏறினால் லாபம் தோட்டக்காரருக்கு, இறங்கினால் வேலை நாள் குறைவது கூலிக்காரருக்கு.

கல்விக் கடனில் பலர் தவறவிடுகிற ஒரு சலுகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால், தவணை விடுப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் அந்த 90,000 ரூபாய் அப்படியே காணாமல் போய்விடும். தவணை 4,980 ஆகக் குறையும். ஆனால் நர்சிங் படிப்புக்கு இந்தச் சலுகை வேண்டுமென்றால் நர்சிங் கவுன்சிலின் ஒப்புதல் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்ற கேள்வி இங்கே வெறும் கௌரவக் கேள்வி அல்ல. நான்கு லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பதும் வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே உள்ளது. மேலாளர் முகம் சுளித்தால் சோர்ந்துவிடாமல் விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் போட்டு, எண்ணைக் குறித்துவைப்பது நல்லது.

இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாக மாறுகிற ஓர் இடம் போடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. தேனியைத் தாண்டி க.விலக்கில் 2004இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. அதன் வளாகத்திலேயே செவிலியர் படிப்பும் நடக்கிறது. மதுரை இராசாசி மருத்துவமனையை ஒட்டியும் அப்படியே. அரசு இடங்களில் கட்டணம் பெயரளவுதான். பெரிய மருத்துவமனையில் படிப்பதால் கையில் வேலையும் படியும். விபத்து, தீக்காயம், பாம்புக்கடி, பிரசவம் என்று அங்கே மூன்றாண்டில் பார்ப்பதை முப்பது படுக்கை மருத்துவமனையில் பத்தாண்டிலும் பார்க்க முடியாது. தனியார் பள்ளிகளில் சிலவற்றுக்கு ஜி.என்.எம். நடத்தத் தேவையான 100 படுக்கைத் தாய் மருத்துவமனை காகிதத்தில்தான் இருக்கும். மாணவிகளை வேறெங்கோ போஸ்டிங் அனுப்பிக் காலத்தைக் கழிப்பார்கள். அந்த வித்தியாசம் முதல் நேர்முகத்திலேயே தெரிந்துவிடும்.

அரசு இடம் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசைப்படி கிடைப்பது. எல்லாருக்கும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் விண்ணப்பிக்காமலே விட்டவர்களுக்கு நிச்சயமாகக் கிடைக்காது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்து கிடைக்கிறது. பட்டயப் படிப்புக்கும் அது பொருந்தும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கட்டணத்தையே பெரும்பகுதி தூக்கிக்கொள்ளும். ஆனால் இந்த உதவி மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்கு இல்லை. ஏஜெண்ட் காட்டுகிற ‘உறுதியான சீட்’ பெரும்பாலும் அந்தக் கோட்டாதான். உதவித்தொகை வரும் என்று அவர் வாயால் சொல்வதை நம்பி முன்பணம் கட்டுகிற வீடுகள், முதல் ஆண்டு முடிவில் முழுக் கட்டணத்துக்கும் ஓட வேண்டியிருக்கும்.

படிப்பு முடிந்த பிறகு என்ன சம்பளம் கிடைக்கிறது என்பது, எந்த வாசலில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருக்கிற செவிலியரின் அடிப்படைச் சம்பளமே 35,000 ரூபாயைத் தாண்டித் தொடங்குகிறது. அகவிலைப்படி அதற்கு மேல். எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் அடிப்படை 44,900. மேலே சொன்ன கடன் தவணை இந்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்ணைக் காட்டித்தான் தனியார் பள்ளிகள் பிள்ளை பிடிக்கின்றன. ஆனால் படித்து முடித்த மறுநாள் யாரும் அந்த வாசலில் நுழைந்துவிடுவதில்லை.

7,700 ரூபாய்ச் செவிலியர்களின் கதை அதற்குச் சாட்சி. இரண்டு ஆண்டு தொகுப்பூதியம், பிறகு நிரந்தரம் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தவர்கள். இரண்டு ஆண்டு முடிந்தது, காலியிடம் வரும்போது பார்க்கலாம் என்றார்கள். 2017 நவம்பர் கடைசி வாரத்தில் தமிழகம் முழுவதிலிருந்தும் செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடி உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். அதன்பின் ஊதியம் 14,000 ஆனது, பிற்பாடு 18,000 ஆனது. நிரந்தரம் மட்டும் பகுதி பகுதியாக, வரிசை மெதுவாக நகர்ந்தது.

அவர்கள் திரும்பிப்போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் தீப்பிடித்தது. மலையேற்றம் வந்தவர்கள் சிக்கினார்கள்; உயிரிழப்பு இருபதைத் தாண்டியது. உடல் வெந்து கீழே கொண்டுவரப்பட்டவர்களுக்கு முதல் உதவி போடி அரசு மருத்துவமனையிலும் தேனியிலும்தான், பிறகுதான் மதுரை. தீக்காயக்காரருக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றுவது, நீர்ச்சத்து எவ்வளவு இறங்குகிறது என்று மணிக்கணக்கில் குறிப்பது, புண்ணைக் கிருமியில்லாமல் காப்பது எல்லாம் செவிலியரின் கைவேலை. அந்த வேலையைச் செய்கிறவரின் மாதச் சம்பளம் தொகுப்பூதியமா நிரந்தரமா என்று தீக்காயத்துக்குத் தெரியாது.

கொரோனா வந்தபோதும் அதே கதை. 2020இல் அவசரமாக ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், கைதட்டினார்கள். 2022 டிசம்பர் 31உடன் அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. புத்தாண்டு பிறந்ததும் மறுபடி போராட்டம். அரசு வாசலின் முதல் படி 18,000 ரூபாய், அதுவும் ஒப்பந்தம் என்று மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே பாதுகாப்பு. அந்த 18,000த்தில் 6,470 என்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இறுக்கம்தான், ஆனால் மூச்சு விடலாம்.

தனியார் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது? தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நிலை பற்றிப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைக்கச் சொன்னது. குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை, மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான சம்பளம் தர வேண்டும். 100 முதல் 200 வரை என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து சதவீதம். ஐம்பதுக்கும் கீழே உள்ள சின்ன மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இதை நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு என்று விட்டார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் அதை நடத்திக் காட்டினார்கள். கேரளத்தில் 2011இல் உருவான யுனைட்டெட் நர்சஸ் அசோசியேஷன் ஆண்டுக்கணக்காக வேலைநிறுத்தம் செய்தது. 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நெடும்பயணம் கிளம்ப இருந்த நிலையில், அதற்கு முந்தைய நாள் அரசு அறிவிப்பாணை வெளியிட்டது. தனியார் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000. மருத்துவமனைகள் நீதிமன்றம் போயின, எல்லா இடத்திலும் முழுத்தொகை கிடைத்துவிடவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் எண் கையில் இருக்கிறது. போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் அதற்கு நிகராகக் காட்ட எண் இல்லை. அதே மலை, அதே காய்ச்சல், அதே ஊசி.

கூலிக்காகத் தலைமுறை தலைமுறையாக மலையேறிய ஊர் இது. செவிலியரும் நெடுங்கண்டம், கட்டப்பனை, தொடுபுழா என்று இடுக்கிப் பக்கம் வேலை தேடுவது விசித்திரம் அல்ல. தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக் கேரள கவுன்சிலில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும், மலையாளம் காதில் விழுந்து பழகியிருந்தால் வார்டில் சிரமமில்லை. போடிப் பிள்ளைகளுக்கு இது மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி. ஏனோ இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கட்டணமே வாங்காமல் பயிற்சி தருகிற மாதிரியும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் முதல் கிளையை 1985இல் திறந்தது தேனியில். அங்கே ‘சிஸ்டர்’ என்று எல்லாரும் அழைக்கிற பெண்கள், கிராமத்துப் பிளஸ் டூ முடித்தவர்கள். தேர்வானவருக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி, கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு, பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை. உலகம் முழுவதும் மேலாண்மை மாணவர்கள் படிக்கிற அரவிந்த் முறையின் முதுகெலும்பு இந்தப் பெண்கள்தான். கண்பார்வைச் சோதனையிலிருந்து அறுவை அரங்கு வரை அவர்கள் கை படாத வேலை இல்லை. முதல் நாளிலிருந்தே வரவு, செலவு பூஜ்யம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும். இது கண் மருத்துவத் துணைப் பணிக்கான பயிற்சி. கவுன்சில் பதிவு பெற்ற செவிலியர் தகுதி இதில் வராது. அரசு நர்ஸ் வேலையோ வளைகுடா நர்ஸ் வேலையோ குறியாக இருந்தால் இது அந்த வழி அல்ல. கடனில்லாமல் பதினெட்டு வயதில் சொந்தக் காலில் நிற்பது குறியாக இருந்தால், மூன்று லட்சம் கட்டி 12,000 வாங்குவதைவிட இது நிச்சயம் மேல்.

வெளிநாட்டு ஆசையையும் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகையில் பாதி விமானப் படம்தான். 2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் தீவிரவாதிகளின் பிடியில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர்கள் ஜூலை 5 அன்று கொச்சியில் வந்திறங்கினார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் கேரளத்துக்காரர்கள், ஒருவர் தூத்துக்குடி. போர் நடக்கிற நாட்டுக்கு ஏன் போனார்கள் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் படிப்புக் கடன், ஏஜெண்ட் கடன். பல மாதச் சம்பளம் பாக்கி இருந்ததால் குண்டு விழத் தொடங்கிய பிறகும் கிளம்பத் தயங்கியவர்கள் இருந்தார்கள். செவிலியர் கடன் கேரளத்தை அவ்வளவு அழுத்தியது. 2017இல் கல்விக் கடனை அடைக்க உதவும் திட்டத்தையே அந்த அரசு அறிவிக்க நேர்ந்தது.

திக்ரித்துக்கு அடுத்த ஆண்டே இன்னொரு வெளிச்சம். குவைத்துக்குச் செவிலியர் அனுப்பிய கொச்சி முகமை ஒன்று, சட்டப்படி 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு பத்தொன்பதரை லட்சம் வாங்கியதாக 2015இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. அதன்பின் 2015 மே இறுதி முதல், குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிற நாடுகளுக்குச் செவிலியர் அரசு முகமைகள் வழியாகத்தான் போக முடியும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த முகமை 1978இலிருந்து இருக்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். உரிமம் பெற்ற தனியார் முகவரும்கூடச் சேவைக் கட்டணமாக முப்பதாயிரமும் வரியும் தவிர வாங்கக் கூடாது. லட்சத்தில் பேசுகிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஜெர்மனிக்குப் பணம் குறுக்கே நிற்பதில்லை, மொழிதான் நிற்கிறது. பி2 நிலை வரை ஜெர்மன் தேற வேண்டும். எந்த நாடானாலும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு வார்டு அனுபவம் கேட்பார்கள். ஆகவே வெளிநாட்டுச் சம்பளம் முதல் சம்பளம் அல்ல. அது வரும் முன்னே குறைந்த சம்பளத்தில் கழிகிற அந்த இரண்டு ஆண்டைக் கடந்தாக வேண்டும்.

அந்த இரண்டு ஆண்டைத் தனியார் மருத்துவமனையில் கழிக்கிறவர் சம்பள எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில. வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் அது கட்டாயம். மாதம் 21,000 வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார். நைட் டூட்டி எத்தனை மணி நேரம், எத்தனை நோயாளிக்கு ஒரு சிஸ்டர் என்பதும் சம்பளத்தின் ஒரு பகுதிதான். 12,000த்துக்கு எட்டு மணி நேரமும் 13,000த்துக்குப் பன்னிரண்டு மணி நேரமும் ஒன்றல்ல. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு பாண்டு எழுதச் சொல்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் ஒழியவில்லை. சான்றிதழ் அடமானம் வைக்கிற பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. சான்றிதழைப் பிடுங்கி வைக்கிற இடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதே வீண்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஓர் எளிய அளவு கிடைக்கிறது. மாதத் தவணை, எதிர்பார்க்கிற முதல் சம்பளத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 12,000 சம்பளத்தில் தாங்கக்கூடியது 4,000 ரூபாய்த் தவணை. மேலே போட்ட அதே வட்டி, அதே ஏழு ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க் கடன், படிப்புக் கால வட்டியும் சேர்த்து. அதற்கு மேல் வாங்கச் சொல்கிற பள்ளி நல்ல பள்ளியாகவே இருக்கலாம், இந்த வீட்டுக்கு ஏற்ற பள்ளி அல்ல. அரசு இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். மிஷன் மருத்துவமனைகள் நடத்துகிற பழைய பள்ளிகள் அடுத்த வரிசை. இந்தியாவில் செவிலியம் பட்டப்படிப்பாகத் தொடங்கிய 1946இலேயே அதைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் கட்டணம் குறைவு, போட்டி அதிகம். தனியார் பள்ளி என்றால் சொந்தத் தாய் மருத்துவமனை உள்ளது, அரசு ஒதுக்கீட்டு இடம், வங்கிக் கடன். இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும். வட்டிக்கு வாங்கி மேனேஜ்மெண்ட் சீட் என்றால் வேண்டாம். ஓராண்டுச் சான்றிதழ் எந்த விலைக்கும் வேண்டாம்.

அரசு செவிலியர் பள்ளிகளுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு சில வாரங்களே திறந்திருக்கும். பெங்களூரு சீட், ஆந்திரா சீட் என்று ஏஜெண்டுகள் போடித் தெருக்களில் வீடு வீடாக வருவதும் அதே வாரங்களில்தான். அரசுத் தரவரிசைப் பட்டியல் வெளிவருகிற வரை ஒருவர் கையிலும் முன்பணம் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் தனியார் பள்ளிதான் என்றால், அந்த ஆண்டுக்கான கவுன்சில் அங்கீகார ஆணையையும், முழுக் கட்டணம் எழுதிய தாளையும், போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே எவ்வளவு சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பார்த்த பிறகு கட்டுங்கள்.